பார்சலில் வரும் கருமுட்டை: நட்டம் யாருக்கு?

நாட்டுக்கோழிக்குக் கிராக்கி கூடியதிலிருந்து, கருமுட்டை விற்பனை ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. வாட்ஸ்அப்பில் சேவலின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால், பேருந்து பார்சலில் முட்டை வந்து சேர்கிறது. 21 நாள் கழித்துப் பாதிகூடப் பொரியாதபோதுதான் தகராறு. 'முட்டையில் கரு இல்லை' என்கிறார் வாங்கியவர். 'உங்கள் இன்குபேட்டர் சரியில்லை' என்கிறார் விற்றவர்.

இருவரும் மறந்துவிடுவது பயணத்தை. வழியில் குலுங்கும்போது முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை இடம்பெயரலாம். சூடும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். சரியாக வளர 37.5 டிகிரி வேண்டும். இடைப்பட்ட சூட்டில் நாள்கணக்கில் கிடந்தால் கரு நலிந்து செத்துவிடும்.

எனவே முட்டை விலையை மட்டும் பார்க்காதீர்கள். முட்டை 30 ரூபாய் வீதம் 30 முட்டையும், பார்சல் கூலி 150 ரூபாயும் என்று வைத்துக்கொண்டால் செலவு 1,050 ரூபாய். பத்துதான் பொரித்தால் குஞ்சு ஒன்றின் அடக்கவிலை 105 ரூபாய். பக்கத்தில் ஒருநாள் குஞ்சு என்ன விலை என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பார்சல் வந்ததும் செய்ய வேண்டியவை:

* இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்து, விரிசல் விட்டவற்றை ஒதுக்குங்கள். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும்.
* அகன்ற முனை மேலே இருக்கும்படி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஈரமணல் மேல் வைத்த மண்பானை போதும்.
* காற்றறை ஆடும் முட்டைகளை இன்குபேட்டரிலும் நிமிர்த்தியே அடுக்கி, முதல் இரண்டு நாள் திருப்பாமல் விடுங்கள். பிறகு 18ஆம் நாள் வரை தினமும் திருப்ப வேண்டும்.
* மின்விசிறி உள்ள இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி (99.5 ஃபாரன்ஹீட்). ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம்; கடைசி மூன்று நாள் 65க்கு மேல்.

ஏழாம் நாள் மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்த நாளமே இல்லாமல் தெளிவாக இருந்தால், கருக்கூடாத முட்டையாகவோ தொடக்கத்திலேயே கரு செத்ததாகவோ இருக்கலாம். ரத்த வளையம் தெரிந்தால், கரு வளரத் தொடங்கிப் பிறகு செத்திருக்கிறது. குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தால், முதலில் உங்கள் இன்குபேட்டரின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சரிபாருங்கள்.

தகராறைத் தவிர்க்க எளிய வழி உண்டு. உங்கள் சொந்தக் கோழியின் முட்டை ஐந்தாறை அதே இன்குபேட்டரில் சேர்த்து வையுங்கள். அவை நன்றாகப் பொரித்து, பார்சல் முட்டை கூமுட்டையானால், இன்குபேட்டர் மேல் பழியில்லை.

விற்பவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள்: ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதி பென்சிலால் எழுதப்பட வேண்டும், பயண நாளையும் சேர்த்து ஏழு நாளுக்குள் அடை வைக்கும்படி வர வேண்டும், ஏழாம் நாள் சோதனையில் கழிந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்பதும் பேசியிருக்க வேண்டும். இவற்றுக்குச் சம்மதிக்காதவரிடம் பணம் அனுப்பாதீர்கள்.