"நான்" என்று சொல்வது யார்?

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் மார்க் குறைந்ததில் இருந்து வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவது இல்லை. இரவில் செல்போனில் ஏஐ சாட்பாட்டுடன்தான் பேச்சு. கேட்டேன். "மாமா, வீட்ல யாருக்கும் என்னைப் புரியல. இதுக்குப் புரியுது" என்றான். திரையைக் காட்டினான். "நான் உன் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறேன்" என்று இருந்தது.

அந்த "நான்" யார்?

எங்கள் திருவண்ணாமலைக்கு இந்தக் கேள்வி புதிது அல்ல. 1896-ல் பதினாறு வயதில் இங்கு வந்தவர் ரமண மகரிஷி. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் அவரிடம் கேட்டது இதைத்தான். உடம்பு நான் அல்ல, புலன்கள் நான் அல்ல, எண்ணுகிற மனமும் நான் அல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனார் ரமணர். அதுவே 'நான் யார்?' என்ற சிறு நூல் ஆனது.

ரமணர் மறைந்தது 1950 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டு ஆலன் டூரிங் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1980-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் ஓர் உதாரணம் சொன்னார். சீன மொழி தெரியாத ஒருவர் அறைக்குள் இருக்கிறார். சீனத்தில் எழுதிய சீட்டுகள் உள்ளே வருகின்றன. விதிப் புத்தகத்தைப் பார்த்து, பதில் எழுத்துகளை எடுத்து வெளியே தருகிறார். வெளியே இருப்பவர், உள்ளே சீனம் அறிந்தவர் இருப்பதாக நம்புவார். உள்ளே இருப்பவருக்கோ ஓர் எழுத்தும் புரியாது. கம்ப்யூட்டரும் இப்படித்தான் என்றார் சியர்ல்.

டேனியல் டெனெட் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. மூளையின் தனி செல் ஒன்றுக்கும்தான் எதுவும் புரியாது, எல்லாம் சேர்ந்து இயங்கும்போது புரிகிறதே என்பது எதிர்வாதம். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

என் கருத்து இதுதான். சாட்பாட் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணக்கிட்டுப் போடுகிறது. மனிதர்கள் எழுதியதில் "நான்" இருப்பதால் அதுவும் "நான்" என்கிறது. அவன் இரவு சாப்பிடவில்லை என்றால், அவன் டைப் செய்தால்தான் அதற்குத் தெரியும். அக்காவுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஆனால் தவறு எங்கள் மீதும் இருக்கிறது. மார்க் எவ்வளவு என்று கேட்டோம். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பாடத்தில் சந்தேகம் வந்தால் சாட்பாட்டிடம் கேட்கட்டும், பதிலைப் புத்தகத்தில் சரிபார்க்கட்டும். மனக்கஷ்டத்தை மட்டும் நம்மிடம் சொல்லட்டும். அதற்கு முதலில் நாம் கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இன்றே கேட்டுப் பாருங்கள்.