எந்தச் சரக்கை இருப்பு வைப்பது?



நம் தொழிலில் ‘சரக்கு’ என்றால் ஒரு காலத்தில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்றுதான் பொருள். இன்று கடைப்பையனிடம் “சரக்கு வந்துவிட்டதா?” என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். சிரிப்போடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். வெள்ளமோ ஊரடங்கோ போரோ வந்தால் ரூபாய் நோட்டுக்கு மதிப்பு இருக்காது, அப்போது மதுப்பாட்டில்தான் நாணயம், நாலு பெட்டி வாங்கிக் கிடங்கு மூலையில் போட்டு வைத்தால் பண்டமாற்றுக்கு ஆகும் என்று நம் இளைய வணிகர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். மேல்நாடுகளில் இப்படிச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்களாம்.

இதில் ஒன்றுமே இல்லை என்று நான் தள்ளிவிடவில்லை. பீர்தான் நாளானால் கெடும். பிராந்தியும் விஸ்கியும் கெடாது. வண்டு விழாது, எலி கடிக்காது, இடம் கொஞ்சம், விலை அதிகம். சரித்திரத்திலும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆங்கிலேயர் குடியேறிய ஆரம்ப காலத்தில் காசுத் தட்டுப்பாட்டால் ரம்மே கூலியாகவும் விலையாகவும் புழங்கியது. அந்த வியாபாரத்தை அடக்கப் பார்த்த கவர்னர் பிளையை 1808-இல் பட்டாளமே பதவியிலிருந்து இறக்கிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? சாக்கடை அடைப்பு எடுக்கவும் சாவு வீட்டு வேலைக்கும் கூலியோடு ஒரு குவார்ட்டர் கொடுப்பது நம் தெருக்களிலும் உள்ள வழக்கம்தான். அது எனக்குப் பிடிக்காத வழக்கம். அந்த ஆளின் வீட்டுக்கு ஒரு கிலோ அரிசியாகப் போக வேண்டியது அங்கேயே தொண்டையில் இறங்கிவிடுகிறது.

ஆனால் நாம் கடை நடத்துவது தமிழ்நாட்டில். ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி இறுக்கினார்கள், பிறகும் பல மாறுதல் வந்தது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். சொந்த உபயோகத்துக்கு ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. நாலு பெட்டி அந்த அளவுக்குள் அடங்கவே அடங்காது. காசு வாங்கவில்லை, அரிசிக்குத்தான் மாற்றினேன் என்று போலீசாரிடம் சொல்லித் தப்ப முடியும் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். தீ விபத்தையும் நினைத்துப் பாருங்கள். 2017 மே 31-இல் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கோணிச் சாக்கும் எண்ணெய் டின்னும் உள்ள நம் கிடங்கில் அதோடு மதுவையும் சேர்ப்பதா?

சட்டத்தை விடுங்கள். வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். நெருக்கடியில் ஜனங்கள் எதைத் தேடினார்கள்?

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று புகுந்தது. மின்சாரம் இல்லை, போன் இல்லை, ஏ.டி.எம். இல்லை. அரை லிட்டர் பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றது நாளேட்டிலேயே வந்தது. கேட்டதெல்லாம் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிரெட், குடிதண்ணீர், பால் பவுடர், கொசுவர்த்தி. 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். சோப்பு, மண்ணெண்ணெய், பாட்டரி இவற்றுக்குத்தான் தவித்தார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். 2022-இல் கொழும்பில் நீண்ட வரிசை நின்றதும் எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் பால் மாவுக்கும்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். உண்மையில் பணம் மதிப்பிழந்த நாள் என்றால் அதுதான். மறுநாள் காலை யாராவது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்களா? “அண்ணாச்சி, எழுதி வச்சுக்குங்க” என்றார்கள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உங்களிடம் வரவேண்டியதற்கு மொத்த வியாபாரிகள் நாங்கள் தவணை தள்ளினோம். ஆலைக்காரர் எங்களுக்குத் தள்ளினார். அந்த மாதம் நம்மைக் காப்பாற்றிய நாணயம் பற்று வரவு நோட்டுதான்.

இனி 2020. மதுவுக்கு உண்மையாகவே தட்டுப்பாடு வந்த வருடம். மார்ச் 24-இல் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மே 7-இல் சென்னை நீங்கலாகத் திறந்தார்கள். 50 வயதைத் தாண்டியவருக்குக் காலை, இளையவருக்கு மாலை என்று நேரம் பிரித்தும் கூட்டம் அடங்கவில்லை. மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, மே 16-இல் மறுபடி திறந்தது. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை பூட்டுதான். இந்த ஐந்து மாதத்தில் பாட்டிலைப் பதுக்கியவர் இரட்டிப்பு விலை பார்த்தார் என்பது வாஸ்தவம். ஆனால் அவரிடம் வந்தது யார்? கை நடுங்குகிறவர், தாலியை அடகு வைக்கிறவர். அண்டை மாநிலமான கேரளத்தில் மது கிடைக்காமல் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு உத்தரவு போட்டது. அதை நீதிமன்றம் நிறுத்தியது. அப்படிப்பட்டவருக்கு வேண்டியது வைத்தியம். அவரோடு பண்டமாற்று பேசுவது மளிகைக்காரன் செய்கிற வேலையா?

அந்த ஏப்ரலில் நம் துறைக்குள்ளேயே ஒரு விஷயம் நடந்தது. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாரத்துக்கு இரண்டு சிப்பம் வெல்லம் எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் என்னிடம் பத்துச் சிப்பம் கேட்டார். பொங்கலும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. எங்கே போகிறது என்று கேட்டேன். பதில் வழுக்கியது. இரண்டுதான் கொடுத்தேன். ஊறல் போடத்தான் அந்த வெல்லம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நமக்கு மூக்கு இருக்கிறது. சோவியத் ரஷ்யாவில் 1985-இல் கோர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது கடைகளில் சர்க்கரை காணாமல் போனதே, அதே கணக்குதான். மது முடங்கினால் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் கிராக்கி வரும். கூடவே நவச்சாரமும் கேட்டு வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த லாபத்தை விட்டுவிடும் துணிவு நமக்கு இருக்கிறதா என்பதே என் கவலை. நெருக்கடிக் காலத்தில் வழக்கத்துக்கு மேல் வெல்லம் கேட்பவரின் பெயரையும் அளவையும் மொத்த வியாபாரிகள் குறித்து வைக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டால் நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

மருந்துக்காகவாவது ஒரு பாட்டில் இருக்கட்டுமே, காயத்தைக் கழுவலாமே என்பார்கள். நம் ஊர் விஸ்கியில் சாராயச் சத்து நூற்றுக்கு 43 பங்குகூட இல்லை. கைகழுவும் கிருமிநாசினிக்கு 60-க்குக் குறையாமல் வேண்டும். 2020 மார்ச்சில் மத்திய அரசு கிருமிநாசினியை அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லிக்கு 100 ரூபாய் என்று உச்ச விலையும் வைத்தது. அதை மருந்துக் கடையில் வாங்கி இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

எங்கள் கடையில் ஐப்பசி பிறக்குமுன் இருப்பு ஏற்றுவது இவைதான்: மெழுகுவர்த்தி, தீப்பெட்டி பண்டல், கொசுவர்த்தி, ரவை, அவல், பொட்டுக்கடலை, பிஸ்கட், துணி சோப்பு, சானிடரி நாப்கின், பால் பவுடர். எல்லாம் தரையிலிருந்து நாலடி உயரப் பலகையில். கணக்கு நோட்டு அதற்கும் மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு. மழை பொய்த்தாலும் நஷ்டமில்லை, தை மாதத்துக்குள் தானாக விற்றுவிடும். பால் பவுடரை மட்டும் தேதி பார்த்து முன்கூட்டியே தள்ளிவிடுங்கள்.