சீனத்து நாட்டுப்புறமும் எமது துவிச்சக்கரவண்டியும்

எம் கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்று, பின்னர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலுமாகப் பிரிந்து வாழும் பழைய மாணவர் பன்னிருவர் சென்ற மார்கழி விடுமுறையில் ஒருங்கு கூடினோம். கூடிய இடம் யாழ்ப்பாணமன்று. சீன தேசத்தின் தென்பாகத்தில், குவாங்சி பிரதேசத்திலுள்ள யாங்சுவோ என்னும் சிறுநகரம். விருந்துண்டு படமெடுத்துக் கலைவதைக் காட்டிலும் ஆறு நாள் துவிச்சக்கரவண்டியிற் சேர்ந்து செல்வது நன்று என நண்பரொருவர் கூறிய யோசனையை ஏனையோர் மறுக்கவில்லை. மலர்க்குழுவினர் அப்பயணம் பற்றி ஒரு கட்டுரை வேண்டினர். மலையும் ஆறும் கண்ட கதையை எழுதுவது எளிது. ஆயினும், திரும்பும் வழியில் குவாங்சோ விமான நிலையத்தில் எம்முள் எழுந்த வழக்கொன்று இன்னும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் எமது கட்சியைப் பலரறியச் சொல்லிவிடுவதே ஈண்டு எமது நோக்கம். எதிர்க்கட்சியார் அடுத்த மலரில் விடையிறுப்பாராக.

வழக்கு இதுதான். சீனத்து நாட்டுப்புறம் கெட்டுவிட்டது, சீமெந்தும் பிளாஸ்ரிக்கும் அதனை விழுங்கிவிட்டன, இருபது ஆண்டு முந்தி வந்திருக்க வேண்டும் என்பது நண்பர் பெரும்பான்மையோர் கூற்று. நாம் அதற்கு உடன்பட்டிலம், இன்றும் உடன்படோம்.

முதலில் இடத்தைச் சிறிது சொல்லவேண்டும். குயிலின் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது யாங்சுவோ. குவாங்சோ வரை ஆகாய மார்க்கம். அப்பால் 2014 ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட அதிவேகப் புகையிரதப் பாதை. (புகையில்லாத வண்டியைப் புகையிரதம் என்பது பொருந்துமோ என எம் வகுப்பு மாணவனொருவன் கேட்டான். வேறு நல்ல சொல் வழக்கில் ஊன்றும்வரை அதுவே இருக்கட்டும் என்றோம்.) அங்குள்ள குன்றுகள் நம்மவர் மனத்திலுள்ள மலைகள் போல்வன அல்ல. சமநிலத்து வயலின் நடுவே, அடிவாரம் என ஒன்றில்லாது, பானைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்தாற்போலத் திடீரென எழுந்து நிற்கின்றன. ஆதியிற் கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல், நிலம் உயர்ந்தபோது மேலெழுந்து, மழைநீரிற் கரைந்து கரைந்து எஞ்சிய வடிவம் அது. தென்சீனத்துச் சுண்ணாம்புக்கல் நிலங்கள் 2007 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. குயிலின் பகுதி 2014 இல் அவற்றோடு இணைக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணாம்புக்கல்லே. அங்கே அக்கல் குன்றாக நிற்கிறது. இங்கே நிலாவரைக் கிணறாகவும் கீரிமலைக் கேணியாகவும் உள்ளிறங்கி நிற்கிறது. சூ சியாகே என்னும் சீன யாத்திரிகர் 1637 ஆம் ஆண்டில் இப்பகுதிக் குகைகளுட் புகுந்து ஆராய்ந்து நாட்குறிப்பு எழுதிவைத்தார். அவருக்கிருந்த கால்வலிமை எமக்கில்லை. எனினும் மலைகளுக்கிடையே பாதை சமமாகச் செல்வதால், மலையேறாமலே மலைநாட்டினூடு செல்லலாம். நாற்பதைக் கடந்து வயிறு சிறிது முன்வந்தோர்க்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

சீனாவில் வண்டிகள் வீதியின் வலப்புறத்தே செல்வன. பிறந்தது முதல் இடப்புறம் பழகிய நாம் முதல் நாள் ஒவ்வொரு சந்தியிலும் இறங்கி நின்று, கூடிக் கலந்தாலோசித்தே கடந்தோம். மின்சாரத்தில் ஓடும் இருசக்கர வண்டிகள் பின்னாலிருந்து ஓசையின்றி வந்து தோளை உரசிச் சென்றன. இரண்டாம் நாள் அச்சம் தெளிந்தது. மூன்றாம் நாளே குறைகூறல் தொடங்கியது.

குறை ஒன்று: வீடுகள். யூலோங் ஆற்றங்கரையிலே மிங் வமிசக் காலத்துக் கற்பாலமொன்று உண்டு. அதன்மேல் நின்று பார்ப்போர் கண்ணுக்குப் பழைய மண்செங்கல் வீடுகள் ஓடு சரிந்து கிடப்பதும், அவற்றின் அருகே மூன்று நான்கு மாடிச் சீமெந்து வீடுகள் பக்கச் சுவர் பூசப்படாமல் எழுந்து நிற்பதும் தோன்றும். “இவர்களுக்கு ரசனையே இல்லை” என்றார் நண்பரொருவர். அவருடைய தந்தையார் மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டிக் குடிபுகுந்த நாளில் ஊரெல்லாம் பந்தியில் உண்டதை நாம் அறிவோம். அன்று பாயாசம் இருமுறை வாங்கியவர்களுள் நாமும் ஒருவர். மழைக்கு ஒழுகாத கூரையும் கறையான் அரிக்காத சுவரும் நம்மூரில் முன்னேற்றம், சீனத்தூரில் மட்டும் சீரழிவோ?

குறை இரண்டு: பிளாஸ்ரிக். பைசா என்னும் ஊரைச் சுற்றிச் சிறு தோடை போன்றதொரு பழம் பயிரிடுகின்றனர், தோலோடு உண்ணப்படுவது. மாரியில் மழையும் உறைபனியும் பழத்தைக் கெடுக்காவண்ணம் தோட்டம் முழுவதையும் வெள்ளைத் தாள்களால் மூடிவிடுகின்றனர். குன்றடிகள் எல்லாம் வெண்சீலை விரித்தாற்போலிருந்தன, படத்துக்கு அழகன்றுதான். ஆனால் பழம் பழுப்பது படம் பிடிப்பார் பொருட்டன்று. அதன் விலையில் ஒரு குடும்பத்தின் ஆண்டு அடங்கியிருக்கிறது. எம்மூர்த் தோட்டத்தில் வெங்காயத்தை மழைக்குக் காக்கப் படாதபாடு படுபவனை எவரேனும் “உன் தறப்பாள் காட்சியைக் கெடுக்கிறது” என்று சொன்னால் அவன் மண்வெட்டியோடு வருவான்.

குறை மூன்று, நீர்க்காகம் வைத்து மீன்பிடிப்போர் பற்றியது. லீ ஆற்றில் மூங்கிற் தெப்பத்திலே முதியோர் நீர்க்காகத்தோடு நிற்பர். பெரிய மீனை விழுங்காதபடி அப்பறவையின் தொண்டையிற் கயிறு கட்டி மீன்பிடித்தல் அங்கு பழைய தொழில். இன்று சிங்பிங் ஊர்க் கரையில் அது பெரும்பாலும் படமெடுப்போருக்காகவே நிகழ்கிறது. காசு கொடுத்தால் விளக்கேற்றி வலை வீசுவர். இருபது யுவான் தாளின் பின்புறத்திலுள்ள ஆற்றுக் காட்சியும் அவ்வூர்க்கு அண்மையதே. அத்தாளைக் கையில் உயர்த்திக் காட்சியோடு பொருத்திப் படமெடுத்த எம் நண்பர்கள்தாம், மீனவர் காசு கேட்டதை “வணிகம்” என்று இகழ்ந்தனர். இக்குறையில் ஒரு சிறிது நியாயம் உண்டென்பதை ஒப்புகிறோம். தொழில் நடிப்பாகும்போது ஏதோ ஒன்று குறைகிறது. ஆனால் நடிப்பை வேண்டி நின்றவர் நாம்.

நிற்க. எமது எண்ணத்தை உறுதிசெய்தது நான்காம் நாள் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று. வழியில் ஒரு வீட்டு வாயிலில் முதியவரொருவர் பம்பளிமாசு போன்ற பெரிய பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். எம்மை அழைத்து ஆளுக்கொரு சுளை தந்தார். எம்மோடு வந்த வழிகாட்டி இளைஞன் மொழிபெயர்த்தான். எமது வண்டிகளைச் சுற்றிவந்து பார்த்த பெரியவர், உள்ளே சென்று, நெற்குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய வண்டியை உருட்டி வந்தார். சாங்காயில் செய்த ‘பீனிக்ஸ்’. எங்கள் அப்பாமாரின் ‘றலி’யைப் போல உயர்ந்த பார், பாரமான கரியர். 1970 களில் அதனை வாங்கப் பணம் மட்டும் போதாது. பங்கீட்டுச் சீட்டும் வேண்டும். கைக்கடிகாரம், தையல் இயந்திரம், வானொலி, துவிச்சக்கரவண்டி என்னும் நான்கும் உள்ள வீட்டுக்குப் பெண்கொடுக்க அக்காலத்தில் எவரும் தயங்கார். பெரியவர் அதில் நெல்மூட்டை ஏற்றியிருக்கிறார், பன்றி ஏற்றியிருக்கிறார், பிள்ளை பெற இருந்த மனைவியை மருத்துவரிடம் ஏற்றிச் சென்றிருக்கிறார். இப்போது மின்வண்டி வைத்திருக்கிறார். சொல்லி முடித்துவிட்டு எம்மை ஒரு கேள்வி கேட்டார்.

“எனக்கு வேறு வழியில்லாத காலத்தில் நான் மிதித்தேன். விமானத்துக்கு இவ்வளவு பணம் கொடுத்தவர்கள் நீங்கள் ஏன் மிதிக்கிறீர்கள்?”

உடல்நலத்துக்காக என்றார் ஒருவர். பெரியவர் தம் தோட்டத்தைக் காட்டி, நாளை வந்தால் அதற்கு வேண்டிய மருந்து தருவதாகக் கூறிச் சிரித்தார்.

நாம் சிரித்திலம். அக்கேள்வி எம்மைப் பழைய நாட்களுக்கு இட்டுச் சென்றது. 1990 ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டின் உயிர் ஓடியது துவிச்சக்கரவண்டியில். விறகும் நெல்லும் நோயாளியும் மணமகளும் அதிலேயே சென்றனர். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த இரவில், மழையிலும் சேற்றிலும், கரியரில் பெட்டியும் பாரில் தம்பியுமாக வண்டி தள்ளியவர் எம் பன்னிருவருள் எண்மர். அன்று எவரேனும் ஓர் அந்நியர் வந்து, யாழ்ப்பாணத்தார் மோட்டாரை மறந்து இயற்கையோடு இயைந்து வாழ்கின்றனர் என வியந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? வேண்டுமென்றால் இறங்கிவிடலாம் என்ற உரிமை கையிலிருப்பவனுக்கே மிதித்தல் விளையாட்டு. அவ்வுரிமை எமக்கு இப்போது கிடைத்திருக்கிறது. பெரியவருக்கும் கிடைத்திருக்கிறது, அவர் இறங்கிவிட்டார். அதற்காக அவரை நோவது முறையன்று.

சீனத்து நாட்டுப்புறத்தில் வருந்தத்தக்கது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனை நண்பர்கள் படமெடுக்கவில்லை. பெரியவரின் வீட்டில் ஏழெட்டு வயதுப் பேரன் ஒருவன் இருந்தான். தாயும் தந்தையும் குவாங்டொங் மாகாணத் தொழிற்சாலையில். வருவது சீனப் புத்தாண்டுக்கு மட்டும். அந்தச் சீமெந்து மாடிகள் எழுந்தது அவர்கள் கூலியில். மேல்மாடிகளிற் குடியிருப்பாரில்லை. 2011 ஆம் ஆண்டின் முடிவில், சீன வரலாற்றில் முதன்முறையாக, நகரவாசிகள் நாட்டுப்புறத்தாரை விஞ்சினர். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறுகிய குடிப்பதிவு முறை பிற்காலத்தில் எவ்வளவோ தளர்ந்தும், பதிவு கிராமத்திலுள்ள தொழிலாளியின் பிள்ளை பெருநகரப் பாடசாலையில் இடம்பெறுவது எளிதன்று. ஆதலாற் பிள்ளை பாட்டனோடு நிற்கிறான். பாடசாலையேனும் அருகில் உண்டோ எனின், 2001 ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைத்தொகை குறைந்த கிராமப் பாடசாலைகள் ஏராளமாக மூடப்பட்டுத் தூரத்துப் பாடசாலைகளோடு சேர்க்கப்பட்டன. 2012 இலேதான் அரசு அவ்வேகத்தைத் தடுத்தது. மூடிய பாடசாலையொன்றை வழியிற் கண்டோம். கொடிக்கம்பம் நின்றது, முற்றத்தில் கோழிகள் மேய்ந்தன. ஏனையோர் நீர் குடித்துக்கொண்டிருக்க, நாம் சன்னலூடே உள்ளே பார்த்தோம். கரும்பலகையில் எழுத்து அழிபடாமல் இருந்தது. இருபது ஆண்டு சுண்ணக்கட்டி பிடித்தவனுக்கு அதனைப் பார்ப்பது இலகுவன்று.

விமான நிலையத்தில் இதைச் சொன்னபோது, “பெற்றோர் பிள்ளையை விட்டுப் போவது கொடுமை” என்றார் சிட்னி நண்பர். பன்னிருவரில் ஒன்பதின்மர் வயதான தாய்தந்தையரை ஊரில் விட்டுக் கடல்கடந்தவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்திற் கட்டிய மேல்மாடிகள் எம்மூரிலும் பூட்டிக் கிடக்கின்றன. நாம் அதைச் சொல்லிவிட்டோம். வழக்கு அத்தோடு சூடேறியது. சொல்லியிருக்க வேண்டாம் என்று பின்னர் சிலர் கடிந்தனர். இருக்கலாம்.

குழுவாகச் செல்வது பற்றியும் ஒன்று கூறவேண்டும். முன்னே செல்வோர் வேகத்திற் செல்வது குழுவின் வழக்கமாகிவிடுகிறது. ஐந்தாம் நாள், சாரல் மழையில், எம்முள் உடல்நலங் குன்றிய ஒருவர் பின்தங்கினார். ஒரு மணிநேரம் வரை எவருக்கும் தெரியவில்லை. நாம் உட்படப் பதினொருவரும் அதற்குப் பொறுப்பாளிகள். திரும்பித் தேடிச் சென்றபோது, பின்சக்கரத்தில் ஆணியேறிய வண்டி ஒரு குடிசைச் சுவரிற் சாத்தியிருந்தது. நண்பர் உள்ளே, கணப்பின் அருகே, வேறொருவரின் மேற்சட்டையோடு, சூடான அரிசி நூடில்சு உண்டுகொண்டிருந்தார். வீட்டுக்காரி எழுபது வயது மூதாட்டி. பேரனைக் கொண்டு ரியூப்புக்கு ஒட்டும் போடுவித்திருந்தாள். காசு நீட்டினோம், கையைத் தட்டிவிட்டாள்.

அவளுக்கு நன்றி கூற எமக்கு வாயில்லை. வந்தனமும் நன்றியும் தவிர, சீனத்தில் எம்முள் எவருக்கும் பத்துச் சொல் தெரியாது. கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. கடற்படைத் தலைவன் செங் ஹோவின் காலத்தில், 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்து, 1911 இற் காலியில் அகப்பட்ட கல். அதன் தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாருக்குக் காணிக்கை கூறுகிறது. எம் நாட்டுக்கு வந்தவன் எம் மொழியிற் கல் வெட்டிக்கொண்டு வந்தான். தமிழாசிரியரையும் உள்ளிட்ட நாம் அறுநூறு ஆண்டின் பின் அவன் நாட்டுக்குப் போனது ஆங்கிலமும் கைச்சைகையுமாக. அடுத்த முறை செல்லும் பழைய மாணவர், வண்டிக்குக் காற்றடிக்கும் முன் ஒரு மாதம் அம்மொழியைப் படித்துக்கொண்டு செல்ல வேண்டும் என்பது எமது வேண்டுகோள். கல்லூரியிலும் விரும்பிய மாணவர்க்கு வாரம் ஒரு மாலை அதனைக் கற்பிக்க வழி காணலாம். பழைய மாணவர் சங்கம் விமானச் சீட்டுக்குச் செலவிட்டதிற் பாதி அதற்குப் போதும்.

புறப்படும்போது மூதாட்டி வாயில் வரை வந்து “மான் சோவ், மான் சோவ்” என்று இருமுறை சொன்னாள். மெல்லப் போங்கள் என்று பொருளாம். விருந்தினரை வழியனுப்பும்போது அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை என்றான் வழிகாட்டி. மழை விட்டிருந்தது. பின்தங்கிய நண்பரை முன்னே விட்டு, அவர் பின்னால் பதினொருவரும் வரிசையாக மிதித்தோம்.