வண்டிக்கு டெண்டர்! வண்டியோட்டிக்கு?



ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. மொத்தம் 70 வார்டுகள். பம்மல் முதல் பெருங்களத்தூர் வரை குப்பை அள்ளவும், குழாய் பழுது பார்க்கவும், கொசு மருந்து அடிக்கவும் பிக்கப் லாரி வேண்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நம் கேள்வி வேறு.

பிக்கப் இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற ஒரு டன் வண்டியைச் செய்தது அந்த ஆலைத் தொழிலாளிதான். 1980களின் இறுதியில் ஆலையை இழுத்து மூடினார்கள். வண்டி செய்த ஊர், இன்று வண்டிக்கு டெண்டர் விடும் ஊராகிவிட்டது.

சரி, டெண்டருக்கு வருவோம். இதற்கென 1998ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே போட்டார்கள். 2000ல் விதிகளும் வந்தன. 2 கோடி ரூபாய் வரை 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். பெரும்பாலும் இரண்டு கவர். ஒன்றில் வண்டியின் யோக்கியதையும் விற்பவரின் யோக்கியதையும், மற்றதில் விலை. முதல் கவரில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சூட்சுமமெல்லாம் முதல் கவரில்! எத்தனை குதிரைசக்தி, தொட்டி எத்தனை அடி, ஆண்டுக்கு எத்தனை கோடி வியாபாரம், முன்பு எத்தனை வண்டி சப்ளை செய்த அனுபவம் – இந்த நிபந்தனைகளை எழுதும் பேனா யார் பக்கம் சாய்கிறதோ அவர் பக்கமே ஏலமும் சாயும். மாப்பிள்ளையை நிறுத்தி வைத்து அளவெடுத்துச் சட்டை தைத்துவிட்டு, ‘யாருக்குப் பொருந்துகிறதோ அவர் போட்டுக்கொள்ளலாம்’ என்றால் அது போட்டியா? ஆகவே, விளம்பரம் வருமுன் அந்த நிபந்தனைகளை மாமன்றத்தில் வரிவரியாகப் படிக்க வேண்டும். இது அதிகமா?

இதைவிடப் பெரிய சூது ஒன்று உண்டு. இப்போதெல்லாம் வண்டியை மட்டும் கேட்பதில்லை. வண்டி, டிரைவர், குப்பை அள்ளுகிறவர் எல்லாம் ஒரே காண்ட்ராக்ட்! அதிலும் குறைந்த விலைக்கே ஆர்டர். காண்ட்ராக்டர் எதைக் குறைப்பார்? டீசல் விலையையா? டயர்க் கம்பெனி அவருக்குச் சம்பந்தி வீடா? பாங்கு வட்டியை விடுமா? அவர் கை வைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கூலி. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டுவார். கையுறைக்கும் கணக்குப் பார்ப்பார். ‘சிக்கனம்’ என்று நகரசபை கைதட்டும்!

பக்கத்துச் சென்னையைப் பாருங்கள். 2000ல் ஓனிக்ஸ் வந்தது. 2007ல் நீல் மெட்டல் பனால்கா. பிறகு ராம்கி. 2020ல் உர்பேசர் சுமீத். கம்பெனிப் பெயர்தான் மாறியது; குப்பையை அள்ளிய கை மாறவில்லை. 2025 ஆகஸ்டில், 5, 6வது மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே என்று துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து கைது செய்தது. பத்து, பதினைந்து வருஷம் தெருக்கூட்டியவர்கள் கேட்டது என்ன? பங்களாவா? நிரந்தர வேலை!

தாம்பரத்து மாமன்ற உறுப்பினர்களே, லாரி வாங்குங்கள். வெளிப்படையாக வாங்குங்கள். அதை மாநகராட்சியின் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அந்த லாரியில் ஏறும் டிரைவர் பெயரையும், பின்னால் தொட்டியில் நிற்கும் தொழிலாளி பெயரையும் மாநகராட்சி மஸ்டரில் எழுதுங்கள்.