கணக்கு வீட்டுக்கு வரட்டும்!

பொன்னமராவதி மளிகைக் கடையொன்றுக்குக் கணக்கு எழுத ஒருவர் தினமும் பஸ் ஏற வேண்டுமா? கிராமத்து வீட்டிலிருந்தே எழுதலாமே! “இணையம் மந்தமாயிற்றே” என்பார்கள். நான் ஏற்க மாட்டேன்.

2001-இல் மதுரை மாவட்டத்து மேலூர்க் கிராமங்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘கார்டெக்ட்’ கம்பியில்லாக் கருவி வழியே இணையம் வந்தது. வேகம், நொடிக்கு அதிகபட்சம் 70 கிலோபிட்தான். ஒரு பக்கக் கணக்கைப் படம் பிடித்தால் சுமார் 1 மெகாபைட். அவ்வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 2 நிமிடம். அதையே எண்ணும் எழுத்துமாக அனுப்பினால் 2 கிலோபைட். கால் நொடி போதும்!

கடையின் பில் இயந்திரத்தில் எல்லாம் எண்களாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் சீட்டை அச்சிட்டு, அதைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். (என்ன மோகமோ!)

மின்வெட்டா? பகலில் கணிப்பொறியில் சேர்த்து வைத்து, மாலையில் ஒருமுறை அனுப்பலாம். நாள் கணக்கு மாலையில் வந்தால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்?