போகிறவனைப் பிடித்து வைக்காதீர்கள்

போன வாரம் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தம் மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். மகன் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குக் கீழே உள்ள எல்.டி.சி. பையன் வேறு தேர்வுக்குப் படிக்கிறானாம். வேலையில் மனமே இல்லையாம். "என்.ஓ.சி. கேட்டான் சார். ஃபைலை அடியிலே போட்டுட்டான் என் பையன். எங்கே போறான்னு பார்ப்போம்!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதைச் செய்தவன்.

1994இல் நான் ஒரு பிரிவின் தலைமை எழுத்தர். அங்கே ஒரு பையன் கோப்புக்கு அடியில் பொது அறிவுப் புத்தகத்தை வைத்துப் படிப்பான். எனக்குக் கோபம். அவனைத் தபால் பிரிவுக்கு மாற்றி முத்திரை குத்த வைத்தேன். அவனுடைய விண்ணப்பத்தைக் கடைசித் தேதி தாண்டும்வரை மேலே அனுப்பவில்லை. என்ன கிடைத்தது? இன்னும் ஒன்றரை வருடம் வெறும் உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது. பிறகு எப்படியோ வேலை கிடைத்து, ஒரு பட்டியல்கூட எழுதிக் கொடுக்காமல் போய்விட்டான். அவன் பார்த்த ஒரு சர்வீஸ் புக்கைத் தேட இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை குடும்ப ஓய்வூதியத்துக்காக ஓர் அம்மாள் படியேறி இறங்கினார். அவருக்கும் என் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

விதியும் நண்பரின் மகன் பக்கம் இல்லை. பொதுநலன் கருதித் தடுத்தாலொழிய, ஆண்டுக்கு நான்கு முறை வெளிப் பதவிகளுக்கு விண்ணப்பிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது மத்திய அரசின் அறிவுரை. முறையான அனுமதியோடு வேறு அரசுப் பணிக்குப் போக ராஜினாமா செய்தால் பழைய சர்வீஸ் அழியாது என்று 1972 ஓய்வூதிய விதிகளின் 26ஆவது விதி சொன்னது. போவது குற்றம் என்றால் இவற்றை ஏன் எழுதி வைத்தார்கள்?

"எல்லாரும் போயிட்டா வேலையை யார் பார்ப்பது?" என்றார் நண்பர். காலியிடம் என்றால் ஆள் கேட்டு எழுதலாம். நிரம்பிய நாற்காலிக்கு எவன் ஆள் கொடுப்பான்?

வேலை செய்யவில்லையா, மெமோ கொடுங்கள். அது வேறு கணக்கு. போக நினைப்பதற்குத் தண்டனை கொடுக்காதீர்கள்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், பிரான்ஸ் போகும் முயற்சியில் இருந்தேன். கடிதம் வந்ததா என்பதிலேயே மனம். ஆங்கிலத்தில் குறிப்பு எழுதவும் வராது, பிரெவே படித்தவன். என் கண்காணிப்பாளருக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் பிரெஞ்சுக் காலத்துக் கோப்புக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, இதை இங்கே உங்களை விட்டா படிக்க ஆள் இல்லை. போறதுக்கு முன்னாடி சுருக்கம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார். ஏழு மாதம் உட்கார்ந்து எழுதினேன். பிரான்ஸ் போவது வேறு காரணங்களால் நடக்கவில்லை. போயிருந்தாலும் அந்தச் சுருக்கம் அலுவலகத்தில் இருந்திருக்கும்.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: பையனைக் கூப்பிட்டு எப்போது போகிறாய் என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குள் முடியக்கூடிய வேலையைக் கொடுக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்று எழுதி வாங்கட்டும். அந்த ஃபைலை இன்றைக்கே மேலே அனுப்பட்டும்.

நண்பர் பதில் சொல்லவில்லை. இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன்.