மாற்றுகிறவன் பெயர் அடங்கலில் இல்லை

பயிரை மாற்று, பருவநிலைக்குத் தக்கபடி நிலத்தைப் பயன்படுத்து என்று சம்சாரிக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. நாங்கள் மாற்றத்தான் செய்கிறோம். மாற்றுகிறவனுக்குக் காகிதத்தில் இடமில்லை என்பதுதான் சிக்கல்.

சாகுபுரத்துக்குப் பக்கம், தாமிரபரணிக் கடைமடையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பாடுபடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் சராசரியாக அவ்வளவு வராது. குலை தள்ளிய வாழை தண்ணீரில் நின்று, வேர் அழுகிச் சாய்ந்தது.

விலை கிடைக்கிறதென்று வரப்பு வரைக்கும் வாழையே வைத்த காலம் அது. இப்போது வயலை மூன்றாகப் பிரித்துவிட்டேன். பள்ளத்தில் பிசான நெல்; கொஞ்சநாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும். நடுவில் வாழை, அதிலும் பாதியை இரண்டு மாதம் தள்ளி நடுகிறேன். ஒரே காற்றில் எல்லாத் தாரும் போய்விடக் கூடாதல்லவா? மேட்டில் அகத்தி போட்டு வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் கொடியின் வேரில் தண்ணீர் தேங்கினால் குறியீடு காப்பாற்றாது. விளாத்திகுளம் கரிசலில் மானாவாரிச் சம்சாரி ஒரே பயிரை நம்பாமல் உளுந்தும் பாசியும் சேர்த்து விதைப்பதும் இதே கணக்குத்தான்.

கொடிக்கால் ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று வருஷம் இலை கிள்ளலாம். குத்தகையோ வாய்ப்பேச்சு, அதுவும் வருஷத்துக்கு வருஷம். அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எந்தத் தைரியத்தில் மேடு கட்டுவான்?

வெள்ளத்துக்குப் பிறகு, 33 சதவீதமோ அதற்கு மேலோ அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு ஏழாயிரம்கூடத் தேறாது. நெல்லோ வாழையோ, எந்த நிவாரணத்துக்கும் அடங்கல் என்ற பயிர்க்கணக்கு வேண்டும். அடங்கலில் இருப்பது நிலக்காரர் பெயர். எங்கள் நிலக்காரர் மனசாட்சி உள்ளவர், வந்ததில் பாதியைக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்க முடியாது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுகிறார். கேட்டால் குத்தகையே போய்விடுமோ என்று நாங்கள் பயப்படுகிறோம். ஆந்திரத்தில் 2019-ல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நிலத்தின் மீது எந்த உரிமையும் தராமல், 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை கொடுத்தார்கள். கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாம் அந்த அட்டையைக் காட்டிக் கேட்கலாம்.

அந்த அட்டையை இங்கேயும் கொடுங்கள், காலத்தை மட்டும் மூன்று வருஷமாக்குங்கள். எந்த மூலையில் எதை நடுவது என்ற பாடத்தை வெள்ளமே எங்களுக்கு நடத்திவிட்டது.